பரங்கிமலைக்குப் போன பதினொரு சாக்குப் பூட்டு

பஸ்ஸில் ஏறியதும் முதலில் எனக்குத் தெரிந்தது பூட்டு எண்ணெயின் வாசனைதான். ஊதுவத்தியையும் முன்கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரத்தையும் மீறி அது வந்தது. நான் தினமும் அரத்தால் சாவி ராவுகிறவள். புதுப் பூட்டைச் சாக்கில் கட்டும் முன் போடும் எண்ணெய் எது, சமையலுக்கு எடுத்து வந்த எண்ணெய் எது என்று எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன். என் சீட்டுக்கு அடியில் ஒரு சாக்கு. முன் சீட்டுக்கு அடியில் ஒன்று. மொத்தம் பதினொன்று.

இது எங்கள் பங்குக் கோயிலிலிருந்து பரங்கிமலைக்குப் போன திருயாத்திரை பஸ். 1986 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து புறப்பட்டோம். நாற்பது பேர். ஆளுக்கு எழுபத்தைந்து ரூபாய், இரண்டு நாள் சாப்பாடு உள்பட. ஏற்பாடு செய்தவர் மரியசூசை முதலாளி. எங்கள் தெருவில் பாதிக் குடும்பம் அவருக்குத்தான் பூட்டு செய்து கொடுக்கிறது. அவர் தருகிற இரும்புத் தகட்டில் அப்பா பூட்டுக்கூடு அடிக்கிறார், நான் எட்டாம் வகுப்போடு நின்று சாவி ராவுகிறேன். யாத்திரை பற்றி எங்கள் பங்கின் கையெழுத்துப் பத்திரிகையில் போன மாதமே ஒரு பக்கம் வந்துவிட்டது. முதலாளிக்கு நன்றி சொல்லி முடித்திருந்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அதைப் படி எடுத்ததும் நான்தான். அடுத்த மே மாதம் போக நினைப்பவர்களுக்கு அந்த ஒரு பக்கம் போதாது. அதனால் மீதியை நான் எழுதுகிறேன்.

நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்கா ஸ்டெல்லா கல்யாணமாகி இரண்டு வருஷமாக மெட்ராஸில் ராயபுரத்தில் இருந்தாள். மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. இரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. மாதம் ஒரு கடிதம் வரும், எல்லாம் மாமா எழுதியது. 'ஸ்டெல்லா சௌக்கியம்' என்று எல்லாக் கடிதத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். அம்மா யாத்திரைத் தேதியைக் குறித்து எழுதினாள். பதிலில் கடைசியில் மட்டும் அக்காவின் கையெழுத்து, இரண்டு வரி: 'சனிக்கிழமை பத்து மணிக்கு மலைக்கு வருகிறேன். மாமா ரெண்டு மணிக்கு வேலை முடிந்து வந்துவிடுவார், அதற்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும்.'

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம், பஸ்ஸில் உட்கார முடியாது. என்னை அனுப்பினாள். முதலாளி வீட்டு வாசலில் நின்று, "மொதலாளி, பத்து மணிக்கு மலையில இருந்தாகணும். என் மூத்தவ வந்து நிப்பா" என்று சொன்னாள். "ஒம்பதரைக்கே இருப்போம், கவலப்படாத தாயி" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். என் காதால் கேட்டேன்.

வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வடமதுரையில் டீ. திருச்சி நூறு கிலோமீட்டர், ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே பூசை பார்த்தோம். நாங்கள் முழங்காலில் இருந்த நேரத்தில் மூன்று சாக்கு இறங்கியது. பெரம்பலூரில் இரண்டு. விழுப்புரத்துக்கு இருட்டும் முன் வந்து, ஒரு பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் படுத்தோம். குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது. பாய் கொண்டுபோவது நல்லது, தரை சிமெண்ட்.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஆறு நாற்பதுக்குக் கிளம்பினோம். விழுப்புரத்திலிருந்து மலை ஏறத்தாழ நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். அப்போதும் பத்தேகாலுக்குப் போயிருக்கலாம்.

திண்டிவனத்தில் ஏழு ஐம்பதுக்கு பஸ் நின்றது. டீக்கு என்று நினைத்தேன். எதிரில் ஓர் இரும்புக் கடை, மூடியிருந்தது. முதலாளி இறங்கிப்போய்க் கதவில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வந்தார்.

"ஒம்பது மணிக்குத்தான் தெறப்பானாம். செத்த நேரம் எல்லாரும் காலாற நடங்க."

என் பக்கத்தில் ரெஜினா அக்கா உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு நாலாவது வீடு. அவள் வீட்டுக்காரரும் முதலாளிக்குத்தான் வேலை செய்கிறார். "ஒரு மணி நேரம் ஒனக்குச் செத்த நேரமாய்யா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு என் விலாவில் இடித்து, "ஏ தெரசா, போய்ச் சொல்லு புள்ள. அக்கா வந்து நிப்பான்னு சொல்லு" என்றாள்.

நான் ஆண்பிள்ளைகளிடம் நிமிர்ந்து பேசிப் பழகியவளில்லை. கடைக்குப் போனால்கூடப் பாக்கெட்டைக் கையால் காட்டி வாங்குகிறவள். பஸ்ஸின் படி வரைக்கும் போனேன். முதலாளி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். டிரைவர் அண்ணனிடம் மட்டும் மெதுவாக, "லேட்டாகுதுண்ணே" என்றேன். அவர் வடமதுரைக்காரர், நல்ல மனிதர்தான். "எனக்கென்ன பாப்பா, மொதலாளி சொல்ற எடத்துல நிப்பாட்டுறேன். சாமியே எறங்கி வந்து சொன்னாலும் வாடகை அவருல்ல குடுக்குறாரு" என்றார். வாடகை நாற்பது பேரும் கொடுத்தது. அதை அப்போது நான் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன்.

இரண்டு சாக்கை இறக்கிவிட்டு ஒன்பது முப்பத்தைந்துக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டு பதினொன்றேகால். அங்கே இரும்புக் கடையில் இருந்த ஆள் ஒவ்வொரு சாக்கிலும் இரண்டு பூட்டு எடுத்துத் திறந்து மூடிப் பார்த்தார். நாற்பது பேர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு சாக்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டுக்குக் கடைக்குச் சொந்தக்காரர் வந்ததும் சாயங்காலம் சொல்கிறேன் என்றார். அங்கிருந்து கிளம்பும்போது பன்னிரண்டு பத்து. தாம்பரத்தில் இருபது நிமிஷம், நெரிசல். சாக்குக் குறையக் குறைய என் காலுக்கு இடம் கிடைத்தது. அக்கா வீடு திரும்ப வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டே இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் திங்கட்கிழமை வேலைக்கு இரும்புத் தகடு வராது என்று எல்லோருக்கும் தெரியும். செபமாலை மட்டும் சத்தமாகச் சொன்னார்கள்.

மலையை ஒன்றரைக்குப் பார்த்தோம். தூரத்திலிருந்து சின்னதாகத்தான் இருக்கிறது, எங்கள் ஊர் மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். மேலே போக இரண்டு வழி. அடிவாரத்தில் பெரிய வளைவு, அதற்குள்ளிருந்து கல் படி. பின்பக்கம் வண்டி போகிற பாதை. நடந்து போகிறவர்கள் எல்லோரும் படி வழியாகத்தான் போவார்கள். அக்கா வந்திருந்தால் படி வழியாகத்தான் வந்திருப்பாள், படிப் பக்கம்தான் நின்றிருப்பாள். முதலாளி, "நேரமாச்சு, வண்டியிலயே ஏறிருவோம்" என்றார். நேரமானது யாரால் என்று ரெஜினா அக்கா ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள். பஸ் பின்பாதையில் ஏறியது.

மேலே இறங்கியபோது ஒன்று முப்பத்தைந்து. கோயில் சின்னது, வெள்ளை. உள்ளே பீடத்தில் ஒரு பழைய கல் சிலுவை இருக்கிறது, சுற்றிலும் எங்களுக்குத் தெரியாத ஏதோ எழுத்து. போர்ச்சுக்கீசியர் கட்டிய கோயில் என்று அங்கே இருந்த உபதேசியார் சொன்னார். அவர் சொன்னதில் பாதிதான் கேட்டேன். நான் பெஞ்சு பெஞ்சாக முகம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலுவைக்கு முன் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் தோளைத் தொட்டே விட்டேன். அவள் திரும்பினாள். வேறு யாரோ.

வெளியே வந்தால் நகரம் முழுக்கத் தெரியும். இதற்காகவாவது போகலாம், பொய் சொல்லக் கூடாது. ஒரு பக்கம் மீனம்பாக்கம், விமானம் நம் காலுக்குக் கீழே ஓடி மேலே எழும்புகிறது. இன்னொரு பக்கம் ரயில் பாதை, வீடுகள், வீடுகளுக்கு மேல் வீடுகள், அதற்கும் அப்பால் நீலமாக ஒரு கோடு. அதுதான் கடல். நான் கடல் பார்த்தது அன்றைக்குத்தான். வடக்கே, புகைபோல் இருந்த இடத்தைக் காட்டி, அங்கேதான் துறைமுகம் என்றார் உபதேசியார். கப்பல் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"அதுல எதுடி உங்கக்கா வீடு?" என்று கேட்டாள் ரெஜினா அக்கா. கேட்ட பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சோத்தத் தின்னு" என்று பொட்டலத்தைக் கையில் வைத்தாள். புளிச்சோறு. கெட்டுப்போகவில்லை.

இரண்டேகாலுக்கு முதலாளி அறிவித்தார். சாயங்காலம் போவதாக இருந்த சாந்தோம் கோயில் கிடையாது, கடற்கரை கிடையாது. மூன்றரைக்கு பஸ் நேராகச் செங்கல்பட்டு. ஏனென்றால் இரண்டு சாக்கு மிச்சம்.

"கடலப் பாக்கணும்னுதானே மொதலாளி எம்புள்ளைய கூட்டியாந்தேன்" என்று பின்னாலிருந்து ஓர் அம்மா இழுத்தாள்.

"அதான் மேலேருந்து பாத்தாச்சுல்ல. கடல் என்ன, கிட்டப் போனா வேற நெறத்துலயா இருக்கப் போகுது?"

சிலர் சிரித்தார்கள். அக்கா நின்றிருக்கக்கூடிய இடத்தையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன். நான் படியிறங்கினேன்.

படிகள் நூற்று முப்பத்தேழு. அக்கா எண்ணியபோது நூற்று முப்பத்தொன்பதாம். இதை வைத்து இன்னும் எங்களுக்குள் சண்டை நடக்கிறது. மே மாத மதியத்தில் கல் கொதிக்கும், செருப்பில்லாமல் இறங்காதீர்கள். அடிவார வளைவுக்குள் நிழலில் ஓர் அம்மா மெழுகுதிரி விற்றுக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, திண்டுக்கல்லா நீ? தெரசாவா?"

தலையை ஆட்டினேன்.

"அதே மூக்கு. இப்பத்தான் வரியா? உங்கக்கா ஒம்பதரைக்கே வந்துச்சு. வர்ற பஸ்ஸு ஒண்ணு விடாம ஓடிப் போய் பாத்துச்சு. மேல ரெண்டு வாட்டி போச்சு, கீழ வந்துச்சு. காலுல செருப்பு கூட இல்ல. வேண்டுதலான்னு கேட்டேன், சும்மா சிரிச்சுச்சு. பன்னெண்டரைக்கு அழுதுகினே எந்திரிச்சு போச்சு. இத்தக் குடுக்கச் சொல்லுச்சு."

கைக்குட்டையில் முடிந்த ஒரு பொருள். கனத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அவிழ்த்தேன். அப்பா செய்த மாங்காய்ப் பூட்டு. சாவி இல்லை.

எங்கள் தெருவில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அவளுடைய பெட்டிக்கு அப்பா கையால் ஒரு பூட்டு செய்து கொடுப்பார். ஒரு சாவி பெண்ணோடு போகும், இன்னொரு சாவி பிறந்த வீட்டில் இருக்கும். அந்தப் பூட்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. வந்தால், பெண்ணுக்கு அங்கே இருக்க முடியவில்லை, வந்து கூட்டிப்போங்கள் என்று அர்த்தம். கடிதத்தில் எழுத முடியாததை அதில் சொல்லிவிடலாம். எந்த வீட்டுக்காரனும் பூட்டைப் பிரித்துப் படிக்க முடியாது. பூட்டு வந்த அன்றைக்கே வீட்டு ஆள் கிளம்ப வேண்டும், இது எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் முதலாளியின் மகளுடைய பூட்டு கோயம்புத்தூரிலிருந்து ஒரு பஸ் கண்டக்டர் கையில் வந்தது. சாப்பாட்டில் கை வைத்திருந்தவர் கையைக் கழுவிவிட்டு வாடகைக் கார் பிடித்துப் போனார். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

நூற்று முப்பத்தேழு படியையும் திரும்ப ஏறினேன். முதலாளி பஸ்ஸின் முன் சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பூட்டை அவர் முன்னால் நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"உங்கப்பன் வேலை. இது எப்படி இங்க?"

"அக்கா குடுத்துட்டுப் போயிருக்கு."

அவருக்குப் புரிந்துவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பூட்டைத் திருப்பி என் கையில் வைத்தார்.

"மறந்து வச்சிட்டுப் போயிருக்கும். பொம்பளப் புள்ளைகளுக்குப் பூட்டு எது சாவி எதுன்னு என்ன தெரியும். ஊருக்குப் போயி நானே உங்கப்பாட்ட பேசுறேன். போ, போய் எடத்துல உக்காரு. செங்கப்பட்டுல கடையச் சாத்திருவான்."

நான் ஒரு நாளைக்கு நாற்பது சாவி ராவுகிறேன். அவர் கடையில் விற்கிற சாவி.

இந்த இடத்தில் நிறுத்தி, போக நினைக்கிறவர்களுக்குத் தேவையானதைச் சொல்லிவிடுகிறேன். மலையைக் காலை பத்துக்குள் ஏறிவிடுங்கள், மேலே வெயிலுக்கு ஒதுங்க மரம் குறைவு. மெழுகுதிரி அடிவாரத்திலேயே வாங்குங்கள், ஐம்பது காசு, அந்த அம்மாவிடம் வாங்குங்கள். யாராவது உங்களைப் பார்க்க வருவதாக இருந்தால் 'மலை' என்று மட்டும் எழுதாதீர்கள், படியா மேலேயா என்று எழுதுங்கள். எழும்பூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு ரயில் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் திரும்பியது அதில்தான். தனியாகக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் கொடுக்கச் சொல்லி அம்மா தந்த நூற்றைம்பது ரூபாயும் மாமாவின் கடித உறையிலிருந்து எழுதிக்கொண்ட விலாசமும் என் பாவாடை முடிச்சில் இருந்தன. யாத்திரைக்கு ஏற்பாடு செய்பவர் யாராக இருந்தாலும், ஏறும் முன் சீட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். நாற்பது பேரில் நான் ஒருத்திதான் குனிந்தேன். குனிந்தவளும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அது என் தப்பு. திண்டிவனத்தில் நான் பேசியிருந்தால் அக்கா மூன்று மணி நேரம் பஸ் பஸ்ஸாக ஓடியிருக்க மாட்டாள்.

என் இடத்துக்குப் போனேன். துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். ரெஜினா அக்கா என் கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள். "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் திரும்ப நடந்து முன்னால் வந்தேன்.

"ஏ புள்ள, எங்க போற?" என்றார் முதலாளி.

"கூட்டிட்டு வர."

"கிறுக்குப் புள்ளையா இருக்கியே. ஊரு பேரு தெரியாத எடத்துல. ஒனக்காக வண்டி நிக்காது, சொல்லிட்டேன்."

என் குரல் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது என்று பிறகு ரெஜினா அக்கா சொன்னாள்.

"ஒங்க வீட்டுக்குப் பூட்டு வந்தப்ப நீங்க செங்கப்பட்டுக்கா போனீக, மொதலாளி?"

டிரைவர் அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "படியிறங்கி நேரா போ பாப்பா. ஸ்டேஷன் ரெண்டு கிலோமீட்டருக்குள்ளதான். பீச் போற எலக்ட்ரிக் டிரெயின். கடைசி ஸ்டேஷன்ல எறங்கி ராயபுரம்னு கேளு."

மூன்றேகாலுக்கு இறங்கினேன். இருபத்தைந்து நிமிஷ நடை. டிக்கெட் ஜன்னலில் எனக்கு முன்னால் ஆறேழு ஆண்கள் முண்டிக்கொண்டு நின்றார்கள். நான் முழங்கையால் இடம் பிடித்துக் கையைக் கம்பிக்குள் நீட்டினேன்.

"எங்கம்மா?"

"பீச்."

"எத்தனை?"

"போக ஒண்ணு" என்றேன். "திரும்பி எழும்பூர் வர ரெண்டு."